கண்ணாடி அறை இடம் மாறவில்லை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? புது மாத்திரையை விழுங்குகிறாரா, இல்லை தலையணைக்கு அடியில் சேர்த்து வைக்கிறாரா? அத்தானையும் கேட்டதாகச் சொல்.

நீ அனுப்பிய நறுக்கு கிடைத்தது. 'கூட்டம் கூட்டமாக வெளியேறுகிறார்கள்' என்று உங்கள் பத்திரிகை நான்கு பத்தி அகலத்துக்குத் தலைப்பு போட்டிருக்கிறது. மக்கள் அந்தச் சமூக வலைத்தளத்தை விட்டுப் போவதற்கு மூன்று காரணங்களாம்: புது முதலாளி, விளம்பரத் தொல்லை, வசவு. நானும் போனவள்தான். டிசம்பர் கடைசியில் 'கண்ணாடி அறை' கணக்கை மூடிவிட்டேன். ஆனால் என் காரணம் அந்த மூன்றிலும் இல்லை.

கணக்கு என்னுடையது என்று உனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் காரணத்தையும் உனக்கே சொல்கிறேன். மருத்துவமனையில் நான் செய்த காது பரிசோதனை முடிந்து ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு வீட்டில் எந்தச் சத்தம் நின்றுபோனது என்று அவருக்குத் தெரியவே இல்லையாம். காது போனதும் மனைவி போனதும் ஒரே வருடம். அவர் சொல்லச் சொல்ல, நான் மனதுக்குள் அந்த வாக்கியத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தேன், தளத்தில் போடுவதற்கு வசதியாக. அவர் சட்டென்று நிறுத்தி, "கேக்குதாம்மா?" என்றார். என்னைப் பார்த்து! அன்று மாலையே மூடிவிட்டேன்.

அங்கே எழுதாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். ஒலி புகாத அறைக்குள் ஆள் உட்கார்ந்திருப்பார். நான் வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம். சத்தம் கேட்டால் அவர் விரலை உயர்த்த வேண்டும். நடுநடுவே நான் எந்தச் சத்தமும் அனுப்பாமல் சும்மா காத்திருப்பேன். அப்போதும் சிலர் விரலை உயர்த்துவார்கள். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. கேட்கவில்லை என்று சொல்ல பயம். அந்த மௌனத்தை வைத்துத்தான் மற்ற விரல்களை நம்பலாமா என்று முடிவு செய்வேன்.

இனிமேல் கடிதம் எழுதுவோம் அக்கா. தொலைபேசியில் நீதான் பேசுகிறாய்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை

&nbsp;

ஜனவரி 27

என் பூனைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் தலையணையைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்பது மாத்திரை. உனக்கு எப்படித்தான் தெரிகிறதோ! உன் அத்தான் வாரத்துக்கு இருபது பல்செட் செய்கிறார், வீட்டில் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்க்கிறார்.

கடிதம் எழுதி எத்தனை வருடம் ஆகிறது தெரியுமா? அடுத்தவர் எழுதியதை வெட்டுகிற வேலைக்கு வந்த பிறகு என் கையெழுத்தே எனக்கு அந்நியமாகிவிட்டது.

ஆசிரியர் குழுவில் இப்போது இந்த வெளியேற்றத்தைத் தவிர வேறு பேச்சில்லை. இதற்கென்றே ஒரு நிருபன். அவனுக்கு 'வெளியேற்றம்' என்று பெயர் வைத்துவிட்டோம். காலையில் உள்ளே வந்தால், "என்னப்பா, நீ இன்னும் போகலயா?" என்று கேட்கிறார்கள். பாவம், சிரிக்கிறான். படத்துக்குத்தான் பஞ்சம். ஒருவர் கணக்கை மூடுவதை எப்படிப் படம் பிடிப்பது? ஆட்கள் சாலையைக் கடக்கும் பழைய படம் ஒன்றைப் போட்டோம். அதே படத்தை வேலைநிறுத்தத்துக்கும் போட்டிருக்கிறோம், பள்ளி விடுமுறைக்கும் போட்டிருக்கிறோம். அதில் சிவப்புப் பையோடு போகிற பெண் இந்த ஒரு வருடத்தில் மூன்று தடவை ஊரைக் காலி செய்துவிட்டாள்.

தலைமை உதவி ஆசிரியருக்குத் தினமும் ஒரு பெட்டிச் செய்தி வேண்டும்: 'யார் எங்கே'. பழைய தளத்தை விட்டவர்களில் பெயர் தெரிந்தவர்கள் எந்தப் புதிய தளத்துக்குப் போனார்கள் என்று பட்டியல். அந்தப் பக்கம் என் மேசையில்தான்.

புதிய தளத்தில் பெயர்களைப் பிடிக்க ஓட்டப்பந்தயமாம். முதலில் வருபவருக்கே பெயர். 'கண்ணாடி அறை' அங்கே இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, பார்த்தேன். யாராவது எடுத்துக்கொண்டால் உனக்குப் பரவாயில்லையா?

நீ எழுதுவதை நிறுத்தியதில் எனக்கு ஒரு நஷ்டம் உண்டு. தினமும் பேருந்தில் உன்னைத்தான் வாசித்துக்கொண்டு போவேன். சொன்னதில்லை. எனக்காவது எழுது.

கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு போ, அங்கே குளிர்.
அக்கா

&nbsp;

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

கழுத்துத் துணி கட்டியாகிவிட்டது. சளி இல்லை. அங்கே மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பெயரை யார் எடுத்தாலும் எடுக்கட்டும். அறைக்குச் சொந்தக்காரி நான் இல்லை, மருத்துவமனை.

நீ பேருந்தில் வாசித்தாய் என்பது எனக்குத் தெரியாது. அதனால் இதை எழுதுகிறேன். உனக்கு மட்டும்.

போன வாரம் நீதிமன்றத்தில் வேலை பார்க்கும் சுருக்கெழுத்தர் ஒருவர் வந்தார். ஐம்பத்தாறு வயது. இழுத்துப் போர்த்திய சேலை, பையில் கூராகச் சீவிய ஆறு பென்சில். கண்ணாடி அறையில் உட்கார வைத்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் விரல் உயர்ந்தது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கே கேட்காத சத்தத்துக்கும் உயர்ந்தது. அப்புறம்தான் கவனித்தேன்: அவர் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தானை அழுத்தும்போது தோள் ஒரு நூல் அளவு அசையும் போலிருக்கிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். இரும்பு அலமாரியின் கதவில் அவர் உருவம் தெரிந்தது. விரல் நின்றுவிட்டது. ஆனால் இன்னொரு கை நிற்கவில்லை. முழங்காலின் மேல் சுட்டுவிரலால் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். வெளியே வந்த பிறகு கேட்டேன்.

"பழக்கம்மா. யார் பேசினாலும் கை தானா எழுதும். உள்ளே போறதுக்கு முன்னாடி நீங்க சொன்னதெல்லாம் என் முட்டியில இருக்கு." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இன்னும் ரெண்டு வருஷம்தான். நேரா பார்த்துப் பேசினா நான் ஒரு எழுத்து விட மாட்டேன். வக்கீலுங்க முதுகைக் காட்டிப் பேசும்போது மட்டும்தான் தடுமாறுது. தெரிஞ்சா என்னைத் தூக்கி ஓரமா போட்டுடுவாங்க. இது வெளியே போகாதுல்ல?"

"போகாது" என்றேன்.

கருவி பொருத்தினால் நன்றாகவே கேட்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்து சேர மூன்று மாதம் ஆகும். கருவியோடு போய் அவரே அலுவலகத்தில் சொல்வதாக ஏற்பாடு. அதுவரை எனக்குத்தான் திக்திக்கென்று இருக்கிறது.

அம்மாவிடம் மாத்திரை விஷயத்தை நான் சொன்னதாகச் சொல்லாதே.
உன் தங்கை

&nbsp;

மார்ச் 2

பூனைக்கு,

எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இரு. பதில் தாமதம். பக்கங்கள் கூடிவிட்டன, ஆட்கள் கூடவில்லை. அம்மா ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறார், அந்த நாற்காலிக்குத்தான் இப்போது முழங்கால் வலி. அத்தான் நலம்.

அடுத்த தடவை நிறைய எழுதுகிறேன். நீயும் எழுது. நீ எழுதுவது நின்றுவிடக் கூடாது.

அக்கா

&nbsp;

மார்ச் 11

அக்காவுக்கு,

நான் சுகம் என்று எழுத முடியவில்லை. நீங்கள் நலமா?

நேற்று காலை, டோக்கன் கொடுக்கும் அம்மா உங்கள் பத்திரிகையை என் மேசையில் விரித்தார். 'யார் எங்கே' பெட்டி. ஏழாவது வரி: 'கண்ணாடி அறை, காது பரிசோதகர் ஒருவரின் குறிப்புகள், புதிய தளத்துக்கு மாறியது, பின்தொடர்வோர் 41,000.'

"ஏங்க, படிச்சீங்களா? நம்ம ஆஸ்பத்திரி மாதிரியே இருக்கு. அந்த இரும்பு அலமாரி கூட வருதுங்க! நம்ம இடத்துல யாரோ உக்காந்து எழுதறாங்க."

அவர் தன் தொலைபேசியை நீட்டினார். மூன்றே பதிவுகள். முதலாவது, சத்தம் அனுப்பாமல் காத்திருப்பது பற்றி. இரண்டாவது, "கேக்குதாம்மா?" என்று கேட்ட பெரியவர். மூன்றாவது, சுருக்கெழுத்தர். முழங்கால், தோள், அலமாரிக் கதவு, ஆறு பென்சில், எல்லாம் இருக்கிறது. 'நீதிமன்றத்தில் வேலை' என்பதும் இருக்கிறது.

அக்கா, நான் எங்கும் மாறவில்லை. இந்த மூன்றையும் உனக்கு எழுதிய கடிதங்களில் தவிர வேறு எங்கும் எழுதவில்லை. அந்த அம்மாள் வேலை பார்ப்பது ஒரு சின்ன நீதிமன்றம். முழங்காலில் எழுதும் சுருக்கெழுத்தர் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள்?

உங்கள் வீட்டுக்கு வரும் தபாலை யார் எடுக்கிறார்கள்? யார் பிரிக்கிறார்கள்? கடிதத்தை எங்கே வைக்கிறாய்? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அந்தக் கணக்கை நடத்துவது யார் என்று உங்கள் நிருபனிடம் கேட்டுச் சொல். முதலில் அந்த மூன்றாவது பதிவு போக வேண்டும்.

தங்கை

&nbsp;

மார்ச் 29

என் பூனைக்கு,

உன் கடிதம் பார்த்து மனம் சரியில்லை. நன்றாகச் சாப்பிடு, முதலில் அதைச் செய்.

வெளியேற்றத்திடம் கேட்டேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பெயரைத் தேடினான், இருந்தது, பட்டியலில் போட்டான். அவ்வளவுதான் அவன் சரிபார்க்கும் லட்சணம். உன்னைப் போல எழுத முயல்கிற யாராவது இருக்கலாம். நீ மூன்று வருடம் எழுதியிருக்கிறாய். அதில் எதை எழுதினாய், எதை எழுதவில்லை என்று உனக்கே நிச்சயமா?

புகார் கொடுக்கலாம் என்று நினைக்காதே. நீதான் நீ என்பதற்கு அடையாளம் கேட்பார்கள். கொடுத்தால் உன் பெயர் வெளியே வரும். சும்மா இருந்தால் தானாக அடங்கும். பத்திரிகைக்காரி சொல்கிறேன், எதுவும் பத்து நாளுக்கு மேல் நிற்காது.

தபால் பெட்டியைத் திறப்பது உன் அத்தான்தான். பல்செட் செய்கிற அறை வாசலை ஒட்டி இருப்பதால் அவர்தான் எடுப்பார். சில சமயம் பிரித்தும் வைப்பார்.

அம்மா உன்னைக் கேட்கிறார்.
அக்கா

&nbsp;

ஏப்ரல் 7

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ சொன்னபடி பழைய பதிவுகளைப் பார்த்தேன். எழுதும்போதே எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். வாசித்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. அந்த மூன்றும் அதில் இல்லை.

ஒரு நல்ல செய்தி. மூன்றாவது பதிவு இப்போது இல்லையாம். டோக்கன் அம்மா சொன்னார். மார்ச் 14-ஆம் தேதி காணாமல் போனதாம். என் கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும், இல்லையா? யாரோ நல்ல மனதுக்காரர்.

அத்தானுக்கு இவ்வளவு எழுத வரும் என்று எனக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுதவே என்னைத்தான் கூப்பிட்டார்.

சரி, விடு. இங்கே ஒரு வேடிக்கை. நேற்று ஒருவர் சுவர்க் கடிகாரத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். அதையும் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோவேன் என்று அடம். ஏன் என்றால், வீட்டில் அது ஓடுவது தனக்குக் கேட்கவில்லை. குறை காதிலா கடிகாரத்திலா என்று தெரிய வேண்டுமாம். உள்ளே வைத்துச் சோதித்தோம். காதில் ஒரு குறையும் இல்லை. கடிகாரம்தான் சத்தமே இல்லாத வகை. "அப்ப இத்தனை நாள் நான் பயந்ததெல்லாம்?" என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உனக்குப் பிடிக்கும் என்று தோன்றியது.

தங்கை

&nbsp;

மே 4

அக்காவுக்கு,

என் போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேறு இடத்தில் வந்தது.

ஏப்ரல் 21, 'கண்ணாடி அறை', நான்காவது பதிவு: சுவர்க் கடிகாரத்தோடு வந்த மனிதர். "அப்ப இத்தனை நாள் நான் பயந்ததெல்லாம்?" என்று முடிகிறது. கீழே இரண்டாயிரம் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

அப்படி ஒருவர் வரவே இல்லை அக்கா. கடிகாரமும் இல்லை. அந்தக் கடிதம் நான் சத்தம் அனுப்பாமல் காத்திருந்தது. விரல் உயர்ந்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் உன்னிடம் சண்டை போட்டுவிட்டுச் சமாதானம் ஆகியிருப்பேன். ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை, உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கக் கட்டுரை: 'வெளியேறியவர்கள் கண்ட அமைதி'. புதிய தளத்தில் மக்கள் எவ்வளவு மென்மையாக எழுதுகிறார்கள் என்பதற்கு உதாரணமாக, நீக்கப்பட்ட அந்த மூன்றாவது பதிவு முழுதாக இருக்கிறது. பென்சில் எண்ணிக்கை உட்பட. நிருபன் எடுத்து வைத்திருந்தான் போலும். கூடவே சாலையைக் கடக்கும் ஆட்களின் படம். சிவப்புப் பை.

வியாழக்கிழமை அந்த அம்மாள் வந்தார். டோக்கன் எடுக்கவில்லை. நேராக என் அறைக்கு வந்து நின்றார்.

"ஒரு வக்கீல் பேப்பரை எடுத்துட்டு வந்து கோர்ட்ல படிச்சாரும்மா. எல்லாரும் என் முட்டியைப் பார்த்தாங்க. நான் அப்பவும் எழுதிட்டிருந்தேன்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"ரெண்டு வருஷமா நான் எழுதினதையெல்லாம் திரும்பச் சரிபார்க்கணும்னு மனு போட்டிருக்காங்க. என்னை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிட்டாங்க. அடுத்த வாரம் மெஷின் வந்துரும்னு நீங்க சொன்னீங்க, நானே சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள..." என் முகத்தை நேராகப் பார்த்தார். அவருக்கு முகம் பார்த்தால்தானே கேட்கும். "நீங்கதான் எழுதினீங்களா?"

"இல்லை."

"அப்ப யார்கிட்ட சொன்னீங்க?"

அந்தக் கேள்விக்கு நான் கண்ணாடி அறைக்குள் இருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தேன். கேட்டது. விரலை உயர்த்தவில்லை.

அவர் புகார் கொடுத்துவிட்டார். மே 20 அன்று மருத்துவமனையில் விசாரணை. நோயாளி விவரத்தை வெளியிட்டதாக முடிவானால் என் வேலை போகும். அவர் வேலை ஏற்கெனவே பாதி போய்விட்டது.

அத்தானா, நீயா? ஒரு சொல் போதும். 20-க்கு முன்பு.

தங்கை

&nbsp;

மே 24

பூனைக்கு,

நான்.

அந்த ஒரு சொல்லை மே 9 அன்றே எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். பதினைந்து நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்வந்தேன். விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தேன் என்று நீ நினைப்பாய். ஆமாம்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன், நியாயப்படுத்த அல்ல. ஜனவரியில் உனக்குக் கடிதம் எழுதிய மறுநாளே அந்தப் பெயரை எடுத்துவிட்டேன். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது, பிறகு எப்போதாவது உனக்குக் கொடுக்கலாம் என்றுதான். நீ வேண்டாம் என்று எழுதியபோது பெயர் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. பிப்ரவரியில் வெளியேற்றம் அதைக் கண்டுபிடித்து முதல் தடவை பெட்டிச் செய்தியில் போட்டான். ஒரே மாலையில் ஒன்பதாயிரம் பேர். காலி அறை. ஒரு வரி இல்லை. எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாதிரி எனக்கு இருந்தது. உன் கடிதத்திலிருந்து ஒரு பத்தியைப் போட்டேன். ஒரு தடவைதான் என்று நினைத்தேன்.

பதினெட்டு வருடமாக மற்றவர்கள் எழுதியதை வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன்னுடையதை இரண்டு இடத்தில் வெட்டினேன், நன்றாக வந்தது. 'இந்த முடிவு என்னை அழ வைத்தது' என்று யாரோ எழுதினார்கள். அந்த முடிவு என்னுடையது. இதை உன்னிடம் சொல்லும்போதும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்க்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது பதிவை உன் கடிதம் வந்த அன்றே எடுத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் என் மேசைக்குத்தான் வந்தது, பூனை. அந்தப் பத்தி அதில் இருந்தது. வெட்டுவதற்கு இருபது வினாடி போதும். தினமும் நூறு பத்தி வெட்டுகிறேன். இதை வெட்டினால், 'ஏன்?' என்று அவன் கேட்பான். அவன் கேட்டால் நான் சொல்ல வேண்டும். பேனாவை எடுத்து, அதில் இருந்த ஒரு காற்புள்ளியைச் சரிசெய்துவிட்டு அனுப்பினேன்.

நீ அத்தானைச் சந்தேகப்பட்டபோதும் நான் மறுக்கவில்லை. அவர் இதுவரை உன் கடிதம் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. கொண்டுவந்து என் தலையணை மேல் வைப்பார்.

நேற்று தலைமையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் மருத்துவமனைக்கும், அந்த நீதிமன்றத்துக்கும் என் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். நடந்தது கற்பனை என்று திருத்தம் போடலாமா என்று தலைமை கேட்டார், அது அந்த அம்மாளுக்கு உதவுமாம். அது பொய். இந்த விஷயத்தில் என் கையால் இன்னொரு பொய் வேண்டாம் என்றேன்.

விசாரணை என்ன ஆனது?

அக்கா

&nbsp;

ஜூலை 15

பூனைக்கு,

உன் பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. அம்மா நலம், மாத்திரையை இப்போது என் கண்முன்னே விழுங்குகிறார். இந்த வீட்டில் யாரையும் நம்பாத காலம் இது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் அவரிடமும் அத்தானிடமும் சொன்னேன். அத்தான் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "கடுதாசியை இனிமே எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார்.

என்னை வானிலை, குறுக்கெழுத்துப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். மழை வருமா வராதா என்பதுதான் இப்போது என் பொறுப்பு. திருத்தம் ஆறாம் பக்கத்தின் அடியில் வந்தது, நான்கு வரி. ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் கணக்கை நான் மூடியதை எல்லோரும் வாசித்தார்கள். இரண்டு நாள் கழித்து முதல் பக்கம்: "'கண்ணாடி அறை'யும் காலி: புதிய தளமும் சரிகிறதா?" வெளியேற்றம் எழுதியதில்லை, வேறொரு புதுப் பையன். மூன்று நிபுணர்கள், மூன்று காரணம். அதே சாலை, அதே சிவப்புப் பை. நான் அந்த மேசையைக் கடந்துதான் தினமும் போகிறேன். ஒருவரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன.

மே 20 விசாரணையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "பதிவை எழுதியது நான் இல்லை. ஆனால் விஷயத்தை வெளியே சொன்னது நான். என் அக்காவுக்குக் கடிதத்தில் எழுதினேன்" என்றேன். அப்போது நீ ஒப்புக்கொண்டிருக்கவில்லை. நீதான் என்றும் சொல்லவில்லை. நான் செய்ததை மட்டும் சொன்னேன். தளத்தை விட்டு வந்ததால் நான் சுத்தமாகிவிட்டதாக நினைத்திருந்தேன். ஒரே ஒருவரிடம் சொன்னால் அது சொன்னதாகாது என்றும் நினைத்திருந்தேன். நாற்பத்தோராயிரம் பேரும் அந்த ஒருவர் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

வேலை போகவில்லை. மருத்துவமனைக்கு உன் கடிதம் வந்த பிறகு தண்டனையைக் குறைத்தார்கள். ஆறு மாதம் பரிசோதனை அறைக்குள் போகக் கூடாது. அதுவரை நோயாளிகளின் பழைய அட்டைகளை அடுக்க வேண்டும். அந்த அம்மாளைப் போலவே நானும் ரெக்கார்டு ரூம்.

போன வாரம் அவர் வந்தார், தன் அட்டையை வாங்கிக்கொண்டு வேறு மருத்துவமனைக்குப் போக. காதில் கருவி இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டே தேடினேன்.

"தலையைத் தூக்க வேண்டாம். இப்ப முகம் பார்க்காமலே கேக்குது" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "ஜட்ஜ் எனக்கு டிக்டேஷன் வச்சார். முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு. பத்து நிமிஷம். திரும்பவும் கோர்ட்டுக்குள்ள எடுத்துக்கிட்டாங்க. ஒரே ஒரு வார்த்தைதான் தப்பு."

"எந்த வார்த்தை?"

அட்டையை என் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்தார். பென்சில்கள் அப்படியே இருந்தன.

"அதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

இதை உனக்கு எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். கதவு வரை போனவர் நின்று யோசித்தார். "எழுதுங்க. அந்த அக்காவும் தெரிஞ்சுக்கட்டும்" என்றார். அதனால்தான் எழுதினேன்.

மற்றபடி இங்கே விசேஷம் இல்லை. மாடிப்படியில் சறுக்கி மணிக்கட்டில் லேசான வீக்கம். அட்டை அறை ஜன்னலில் ஒரு புறா முட்டை வைத்திருக்கிறது. டோக்கன் அம்மா இப்போது என்னிடம் பேசுவதில்லை. ஒரு தடித்த நாவலில் பாதி தாண்டிவிட்டேன்.

இந்த நான்கில் ஒன்று நடக்கவே இல்லை. எது என்று தேடாதே. இனி என் எல்லாக் கடிதங்களிலும் அப்படி ஒன்று இருக்கும். எவ்வளவு காலத்துக்கு என்று எனக்கும் தெரியாது. நீ பழகிக்கொள்ள வேண்டும்.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கடிதத்தை வழக்கம்போல உன் தலையணை மேலேயே வைக்கச் சொல். அம்மாவை மாடிப்படி ஏற விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

மேலே 'அன்புள்ள' என்று எழுதியிருக்கிறேன். பொய் அது இல்லை.

உன் தங்கை